நாக்கில் இல்லாத கோளாறு

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு முழங்காலில் ஆரம்பித்துக் கண்ணில் வந்து நிற்கிறது. கைபேசியை நீட்டிப் பிடித்து, "கை போதலையே" என்று சலித்துக்கொள்ளாதவர் நம்மில் யார்? போன வாரம் தோழி ஒருத்தி கண்ணாடிக் கடையில் கண்ணைக் காட்டிவிட்டு வந்து, "அங்க பார்த்த பொண்ணு டாக்டரே இல்லையாமே, ஆப்டோமெட்ரிஸ்டாம். நம்பலாமா?" என்று கேட்டாள். நான் எந்த ஊரில் வளர்வது என்பதே அப்படி ஒரு பெண்ணால்தான் முடிவாயிற்று என்று சொன்னேன். "கதை விடாதே" என்றாள். கதையில்லை. உட்காருங்கள், சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், மைசூரில், ஒரு தசரா பருவம். எனக்குப் பத்து வயது. அப்பா கட்டட மேஸ்திரி, ஹனூர்ப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்தவர். அம்மா வீட்டிலேயே ஊதுபத்தி உருட்டுவாள். மரப்பலகையில் கறுப்பு மாவைத் தேய்த்து, மூங்கில் குச்சியை அதன்மேல் ஓட்டினால் ஒரே இழுப்பில் பத்தி ஆகிவிடும். எங்கள் வீட்டுச் சோற்றில்கூட அந்த வாசனை இருந்தது. நாங்கள் வீட்டில் தமிழ் பேசினோம், தெருவில் கன்னடம். படித்தது கன்னடப் பள்ளிக்கூடம்.

வகுப்பில் என்னை உயரம் பார்த்துக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். அங்கேதான் என் தொல்லை ஆரம்பித்தது.

கன்னடத்தில் 'த' போல ஒலிக்கும் எழுத்துகள் நாலு. அதில் இரண்டை நாம் கேட்டால் ஒன்றேபோலத்தான் இருக்கும். ஒன்று சும்மா சொல்வது, இன்னொன்று வயிற்றிலிருந்து மூச்சைத் தள்ளிச் சொல்வது, அதைப் பெரிய எழுத்து என்போம். எழுத்திலும் இரண்டும் ஒரே அச்சு. பெரியதற்கு அடியில் ஒரு சின்னக் கீறல் இருக்கும், அவ்வளவுதான். அந்தக் கீறல் இருந்தால் 'தன' என்பது செல்வம். இல்லாவிட்டால் மாடு.

ஒருநாள் மேஷ்ட்ரு, அதாவது எங்கள் வகுப்பு வாத்தியார், ராஜா ஏழைகளுக்குச் செல்வம் கொடுத்தார் என்று பலகையில் எழுதினார். நான் மாடு கொடுத்தார் என்று எழுதி வைத்தேன். அதை அவர் சத்தமாகப் படித்ததும் வகுப்பே சிரித்து உருண்டது. அன்றிலிருந்து நான் போகிற வழியில் யாராவது ஒருத்தி "அம்ம்மா" என்று மாடு மாதிரிக் கத்துவாள்.

மேஷ்ட்ரு கெட்டவர் இல்லை. என்னை முன்னால் கூப்பிட்டு, பலகையோடு ஒட்டி நிற்க வைத்து, "இது என்ன?" என்று கேட்டார். சரியாகச் சொன்னேன். "பார்த்தியா, கிட்ட வந்தா பயம் வருது, பயம் வந்தா எழுத்து வருது" என்று தீர்ப்புச் சொன்னார். புத்தகத்தைப் பார்த்து எழுதச் சொன்னபோதும் ஒரு தப்பு இல்லை. "மனசு வெச்சா வருது" என்றார். இவ்வளவும் பார்த்த மனிதர், அவரும் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவர்தான், ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் பிடிபட்டிருக்கும். ஆனால் அவரிடம் காரணம் ஏற்கெனவே தயாராக இருந்தது. அப்பாவை வரச் சொல்லி, "நீவு தமிழ் ஜன. நாலிகெ திருகல்ல" என்றார். நீங்கள் தமிழ் ஆட்கள், நாக்கு திரும்பாது என்று அர்த்தம். தமிழில் இந்தப் பெரிய எழுத்துகளே கிடையாதே, பிறகு எப்படி வரும்? கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அப்பாவே தலையாட்டினார்.

மேஷ்ட்ரு ஒரு வைத்தியமும் சொல்லி அனுப்பினார். வாய்க்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு எழுத்தைச் சொல்ல வேண்டும். பெரிய எழுத்துக்குக் காகிதம் ஆட வேண்டும். "ஹொட்டெயிந்த ஹேளு!" வயிற்றிலிருந்து சொல்லு.

சாயங்காலம் அப்பா சிமென்ட் தூசியோடு வந்து உட்காருவார். ஊதுபத்தி சுற்றுகிற மெல்லிய காகிதத்தைக் கிழித்து என் மூக்குக்கு நேரே பிடிப்பார்.

"சொல்லு கண்ணு."

"த்தஹ."

"ஆடலியே. வயித்துல இருந்து சொல்லு. இப்படி... த்தஹ்ஹ்!"

அப்பா சொன்ன வேகத்தில் காகிதம் பறந்து அம்மாவின் மாவில் போய் விழும். "நீங்க ரெண்டு பேரும் ஊதுனது போதும், பத்தியெல்லாம் உருளுது" என்று அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு திட்டுவாள். காகிதம் நன்றாகவே பறந்தது. நோட்டில் மாடுதான் போகவில்லை.

தசரா விடுமுறைக்கு முன்னால் பரீட்சை. எங்கள் பள்ளிக்கூடத்தில் கேள்வித்தாள் கிடையாது, கேள்விகளைப் பலகையில் எழுதிப் போடுவார்கள். கன்னடத்தில் தோற்றேன். கணக்கிலும் தோற்றேன். மூன்றை எட்டாகப் பார்த்து எழுதியிருந்தேன். மூன்றும் எட்டும் எந்த நாக்கையும் கேட்பதில்லையே என்று இப்போது தோன்றுகிறது. அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

பெரியப்பா சத்தியமங்கலத்தில் இருந்தார். பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். எங்கள் வீட்டில் அவர் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது. செய்தி கேட்டு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே முடிவு சொல்லிவிட்டார்.

"அட ஏன்டா, வராத பாசைய அந்தப் புள்ள வாயில ஏன் திணிக்கற? எங்க ஊட்டுக்கு அனுப்பு. தமிழ்ப் பள்ளிக்கூடத்துல சேத்திரலாம். லீவு முடியறப்ப வந்து கூட்டிட்டுப் போறேன்."

"சரிங்ணா" என்றார் அப்பா.

எனக்குத் தமிழில் ஓர் எழுத்துகூட எழுதத் தெரியாது. அதை ஒருவரும் கேட்கவில்லை. (இப்போது எழுதுகிற தமிழ், பிற்பாடு நானாகக் கடைப் பலகையும் பொட்டலக் காகிதமும் பார்த்துச் சேர்த்துக்கொண்டது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.) பள்ளிக்கூடத்தில் டி.சி. கேட்டு எழுதிக் கொடுத்தாயிற்று. அம்மா என் பாவாடைகளைத் துவைத்து மடித்தாள், கிழிசல் தைத்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அம்மாவுக்கு நான் போவதில் வருத்தமே கிடையாது என்று முடிவு கட்டிக்கொண்டு, இரண்டு நாள் அவள் கையால் தலை பின்னிக்கொள்ள மாட்டேன் என்று அடம்பிடித்தேன்.

"இனி எப்ப பாக்கப் போறாளோ" என்று அப்பா ஒரு சாயங்காலம் என்னை அரண்மனை விளக்குப் பார்க்கக் கூட்டிப்போனார். விளக்குப் போட்டதும் கூட்டம் "ஓ" என்றது. நானும் "ஓ" என்றேன். "அப்பா, எவ்ளோ பெரிய பெரிய சாமந்திப் பூ!" என்றேன். ஒவ்வொரு விளக்கும் எனக்கு இதழ் விரிந்து, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, மஞ்சளாக ஆடியது. பக்கத்தில் நின்றவரிடம் அப்பா பெருமையாக, "பாருங்க, எப்படிப் பேசறா" என்றார். கண் தெரியாமல் சொன்னதற்கு எனக்குக் கவிஞர் பட்டம்.

மறுநாள் எனக்கு ஒரு தகரப் பெட்டி வாங்க மண்டி மொஹல்லா கடைத்தெருவுக்குப் போனோம். அப்பாவுக்கும் ஒரு வேலை இருந்தது. கொஞ்ச நாளாக அளவு டேப்பில் கோடு தெரியாமல், எடுபிடிகளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். "முதல்ல கண்ணாடி, பொறவு பெட்டி" என்று, சந்துக்குள் இருந்த கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தார்.

கடைக்குப் பின்னால் நீளமாக ஓர் அறை. உள்ளே ஓர் அக்கா. இருபத்தைந்து வயதுகூட இருக்காது. வெள்ளைக் கோட்டு, இறுக்கிப் போட்ட ஒற்றைப் பின்னல், காதில் சின்னத் தோடு. ரயில்வே வேலைக்காக எப்போதோ மைசூருக்கு வந்த தமிழ்க் குடும்பத்துப் பெண் என்று பிறகு தெரிந்தது. பாதி தமிழும் பாதி கன்னடமுமாகப் பேசினாள்.

"வணக்கமுங்க டாக்டரம்மணி" என்றார் அப்பா.

"நான் டாக்டர் இல்லண்ணா. கண்ணு எவ்ளோ தெரியுதுன்னு பார்த்து நம்பர் எழுதறது என் வேலை. உள்ள நோய் ஏதாவது இருந்தா டாக்டர்கிட்ட அனுப்புவேன். எழுத்துப் படிப்பீங்களா?"

"படிப்பு அவ்வளவாக் கிடையாதுங்க."

"பரவால்ல, இதுக்குப் படிப்பு பேடா" என்று சொல்லி (பேடா என்றால் வேண்டாம்), சுவரில் விளக்குப் பெட்டியில் இருந்த அட்டையை மாற்றினாள். புது அட்டையில் ஒரே ஓர் உருவம், மூன்று பல் சீப்பு மாதிரி, மேலே பெரிதாகவும் கீழே போகப் போகச் சிறிதாகவும். பல் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் கையைக் காட்ட வேண்டும். இங்கிலீஷ் எழுத்தில் ஒன்றுதான் அது, ஆனால் எழுத்து என்றே தெரிய வேண்டியதில்லை.

அப்பா மேலே, கீழே, பக்கத்தில் என்று டிராபிக் போலீஸ்காரர் மாதிரிக் கையை வீசினார். அவருக்குத் தூரம் நன்றாகத்தான் தெரிந்தது, கிட்டத்தில்தான் தகராறு. பின்னால் பெஞ்சில் இருந்த எனக்கு விளையாட்டாக இருந்தது. நானும் கூடவே கையைக் காட்டினேன். மேல் வரிசை, சரி. இரண்டாவது, சரி. மூன்றாவது வரிசையில் அப்பா இடப்பக்கம் காட்டினார், நான் மேலே காட்டினேன். அப்பா கீழே, நான் வலப்பக்கம். கண்ணை இடுக்கி, கழுத்தை நீட்டி, மறுபடியும் தப்பு.

அந்த அக்கா அப்பாவின் கையைப் பார்க்கவே இல்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, உங்க மகளை ஸ்வல்ப இந்த நாற்காலில உக்காரச் சொல்லுங்க."

"அவளுக்குக் கண்ணுல ஒண்ணுமில்லீங்க அம்மணி. நாக்குலதான் கோளாறு."

"நாக்கிலயா?"

அப்பா மேஷ்ட்ரு சொன்னதை, காகிதம் ஊதியதை, பெரியப்பா வரப்போவதை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னார். அவள் பாதியில் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "நாக்குக்கு எங்கிட்ட லென்ஸ் இல்ல. கண்ணுக்கு இருக்கு. பார்த்துடலாமே. இந்த அட்டையில கன்னடமும் இல்ல, தமிழும் இல்ல, அல்வா?" என்றாள். அல்வா என்றால் 'இல்லையா' என்று கன்னடத்தில் கேட்பது. எனக்கோ பசி நேரம், வாயில் எச்சில் ஊறியது.

நாற்காலியில் ஏற்றி, விளக்கைக் குறைத்து, கையில் பேனா மாதிரி இருந்த ஒன்றால் கண்ணுக்குள் கோடு போட்டாற்போல வெளிச்சத்தை அப்படியும் இப்படியும் ஓட்டினாள். அவள் மூச்சில் ஏலக்காய் மணத்தது. அப்புறம் கனமான இரும்புச் சட்டம் ஒன்றை என் மூக்கில் மாட்டினாள். ஒரு மரப்பெட்டி நிறைய வட்ட வட்டமாகக் கண்ணாடிகள். ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டத்தில் போட, 'டிக்' 'டிக்' என்று உட்கார்ந்தன.

"இது நல்லாத் தெரியுதா, இதுவா?"

நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"முதல்ல போட்டதா, ரெண்டாவதா?"

கேள்வி என்றாலே தப்பாகத்தான் சொல்வேன் என்று பழகியிருந்தேனே. "தப்பாச் சொல்லிட்டா?" என்று கேட்டேன்.

அவள் குனிந்து என் முகத்துக்கு நேரே வந்தாள். கன்னடத்தில் குட்டிப் பெண்ணைச் செல்லமாகப் 'புட்டி' என்பார்கள். "இங்க சரி, தப்புன்னே ஒண்ணு கிடையாது புட்டி. உனக்கு எப்படித் தெரியுதோ, அதுதான் பதில்."

இந்த ஒரு வாக்கியத்தை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், உங்களிடமும் சொல்கிறேன். அதற்கப்புறம் எனக்குப் பயமே இல்லை. "இது", "இல்ல, முந்தினது" என்று ராணி மாதிரி உத்தரவு போட்டேன். டிக். டிக். அட்டையில் இருந்த கறுப்புப் புகை மெல்லக் கெட்டியாகி, ஒவ்வொரு சீப்பாகப் பல் முளைத்தது. வலது கண்ணால் கடைசி வரிசைவரை காட்டினேன், இடது கண்ணால் அதற்கு முந்தின வரிசைவரை. அப்பா என்னைப் பார்க்காமல் அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"புத்தகம் பார்த்து எழுதினா தப்பு வராது, இல்லையா?" என்று கேட்டாள்.

"வராதுங்க" என்றார் அப்பா.

"பலகை பார்த்து எழுதினாத்தான் வரும். கிட்டப்பார்வைண்ணா. அந்தச் சின்னக் கீறல் அவளுக்கு அங்கிருந்து தெரியவே தெரியாது. இல்லாததை எப்படி எழுதுவா?"

அப்பா உடனே, "அப்ப ஒரு கண்ணாடி போட்டுக் குடுத்துருங்க" என்றார்.

"இன்னைக்குத் தர மாட்டேன்."

"என்னங்க?"

"சின்னப் பசங்க கண்ணு நம்மளை ஏமாத்தும். மருந்து விட்டுப் பார்த்தாத்தான் சரியான நம்பர் தெரியும். இடது கண்ணு கடைசி வரிசை பிடிக்கல, அதையும் டாக்டர் உள்ள பார்க்கணும். ரொம்ப நாள் விட்டா அந்தக் கண்ணு பார்க்கவே சோம்பல் பட்டுடும்." ஒரு சீட்டு எழுதினாள். ஆஸ்பத்திரிக்கு ஒன்று. பள்ளிக்கூடத்துக்கு இன்னொன்று, கன்னடத்தில்.

வெளியே வந்ததும் அப்பா, "கண்ணாடிக் கடைக்காரங்க கண்ணாடி வேணும்னுதான் சொல்வாங்கன்னு நெனச்சேன். வந்தவனுக்கு விக்க மாட்டேங்குது இந்தப் புள்ள" என்றார். அதனாலேயே நம்பினார் என்று நினைக்கிறேன். பெட்டிக் கடை எதிரிலேயே இருந்தது. அதைத் தாண்டி நடந்தார். "அப்பா, பெட்டி?" என்றேன். "பொறவு பாக்கலாம்."

ஆஸ்பத்திரிக்கு அம்மா வந்தாள். இடது கண் என்ன ஆகுமோ என்று வழியெல்லாம் வாய்க்குள் எதையோ முணுமுணுத்தாள். மருந்து எரிந்தது. டாக்டர் உள்ளே எல்லாம் பார்த்துவிட்டு, "நோவு எதுவும் இல்ல. அந்தப் பொண்ணு எழுதினதில் கொஞ்சம்தான் மாத்தம். நல்ல நேரத்துல அனுப்பியிருக்கா" என்றார். அம்மா நாற்காலியிலேயே கொஞ்சநேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

கண்ணாடி வந்தது. பழுப்புச் சட்டம், நழுவிக்கொண்டே இருந்தது. அந்த அக்கா அதன் காலைச் சூடான மணலில் செருகி வளைத்துக் காதுக்குப் பின்னால் பொருத்திவிட்டு, "போய் வெளியில பாரு" என்றாள். மண்டி மொஹல்லா சந்தில் போய் நின்றேன். மின்கம்பியில் இருந்த கறுப்பு முடிச்சுகள் காக்கையாயின. ஒரு காக்கை வாய் திறந்ததுகூடத் தெரிந்தது. கடைகளுக்கு மேலே மாடிகள் இருந்தன, மாடிகளில் மனிதர்கள் இருந்தார்கள், ஒரு பாட்டி ஜன்னலில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பேர் மேலே குடியிருப்பது எனக்குத் தெரியவே தெரியாது. அப்பாவின் புருவத்தில் ஒரு தழும்பு. "இது எப்ப வந்துச்சு?" என்று கேட்டேன். "நீ பொறக்கறதுக்கு முன்னாடியே" என்றார்.

அரண்மனை விளக்கு மட்டும் ஏமாற்றிவிட்டது. அடுத்த முறை பார்த்தபோது வெறும் குண்டு பல்புகள், வரிசையாக. அந்தச் சாமந்திகள் பிறகு பூக்கவே இல்லை. கண்ணாடியைக் கழற்றினால் தெரியும், ஆனால் பல்பு என்று தெரிந்தபிறகு பூவை எப்படிப் பார்ப்பது?

எதிர்வீட்டு அக்கா, "பொட்டப்புள்ளைக்கு இப்பவே சோடாபுட்டியா? கண்ணு கண்ணாடிக்கே பழகிடும், பாருங்க" என்று அம்மாவிடம் இழுத்தாள். அதிகம் பேசாத அம்மா, கையை மாவிலிருந்து எடுக்காமலேயே சொன்னாள்: "கண்ணாடிக்கு இல்லீங்க, தெளிவாப் பாக்கறதுக்குப் பழகுமாம். கடைப் புள்ள சொல்லுச்சு."

பள்ளிக்கூடம் திறந்ததும் அப்பா சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தார். மேஷ்ட்ரு படித்தார். மறுபடி படித்தார். என்னைக் கடைசி பெஞ்சிலேயே உட்காரச் சொல்லிவிட்டு, பலகை முழுக்க, அடியில் கீறல் உள்ள பெரிய எழுத்துகளாகவே எழுதினார். நான் எழுதி முடித்ததும் அவரே நடந்து வந்து நோட்டை வாங்கினார். ஒரு கீறல் விடவில்லை. தன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் வெகுநேரம் துடைத்தார். "டி.சி. பேடா" என்றார் அப்பாவிடம். பரீட்சைக் கேள்விகளை மறுபடி எழுதிப் போட்டு எனக்கு மட்டும் இன்னொரு முறை நடத்தினார். மன்னிப்பு என்று வாயால் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

ஆனால் பெரியப்பாவுக்கு இதெல்லாம் தெரியாதே. சொன்ன வாக்குப்படி அந்த ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டார். நடந்ததைக் கேட்டு, "அதுக்கென்ன, கண்ணாடி போட்டுட்டே அங்க வந்து படிக்கட்டும். பள்ளிக்கூடத்துல எடமெல்லாம் சொல்லி வச்சாச்சு. என் பேரு என்ன ஆகறது?" என்றார். அப்பா அண்ணன் பேச்சை மறுத்து நான் கண்டதே இல்லை. என் மடித்த பாவாடைகள் மூலையில் அப்படியே இருந்தன.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இல்லீங்ணா. தப்பு நம்முளுதுங்க. புள்ளைய என்னத்துக்கு அனுப்போணும்? இங்கயே இருக்கட்டும்."

பெரியப்பா மீசையைத் தடவினார். என்னைக் கூப்பிட்டு, கண்ணாடியைக் கழற்றித் தன் மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "அடேயப்பா, தல சுத்துது! இத்தனை நாளா இதுக்குள்ளயா இருந்த நீ?" என்றார். அவ்வளவுதான். கோபம் போய்விட்டது.

சாயங்காலம் அவரை வழியனுப்பப் பஸ் நிலையத்துக்கு எல்லோரும் போனோம். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். கூட்டம், அதனால் என்று நினைத்தேன். பெரியப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து, "முழுப் பரீட்சை லீவுக்கு வந்துருடி" என்று கத்தினார். பஸ் கிளம்பி, நிலையத்தைச் சுற்றி, ரோட்டில் ஏறியது. அத்தனை தூரத்திலும் அவர் கை ஆட்டுவது, விரல் விரலாக எனக்குத் தெரிந்தது. திருப்பத்தில் பஸ் மறைந்தது.

அப்போதுதான் அம்மா கையை விட்டாள். என் மணிக்கட்டில் அவள் நாலு விரலும் வெள்ளையாகப் பதிந்திருந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒவ்வொன்றாகச் சிவந்து வந்தன.